காவலை விட்டுப் போனவர் மேல் ஒரு மனு

இருபத்தெட்டு வருசம் நாட்டு எல்லையைக் காத்தேன் காத்தேன்னு மீசையை முறுக்கின மனுசன், எங்க ரெண்டு பேர் தோட்டத்து எல்லையைக் காட்டுப்பன்னிக்கு விட்டுட்டு ஓடிப்போயிட்டாரு. ஐயா, முதல் வரி இதுதான். மாத்தாம எழுதுங்க. ‘ஓடிப்போயிட்டாரு’ங்கறதை அப்படியே போடணும். ‘வெளியூர் சென்றுள்ளார்’னு மெழுகி எல்லாம் போடக் கூடாது. வெளியூர் போறவன் வேலையை முடிச்சுட்டுப் போவான். இவரு விளைஞ்ச மக்காச்சோளத்தைக் கதிரோட நிக்க விட்டுட்டுப் போயிருக்காரு. பன்னிக்கு இலை போட்டுப் பந்தி வெச்ச மாதிரி. அங்க தின்னுட்டு, கை கழுவறதுக்கு என் தோட்டத்துக்கு வருதுங்க.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? கலெக்டர் ஆபீசு முன்னால இந்தப் புங்க மரத்தடியில உக்காந்து எத்தனை திங்கக்கிழமை மனு எழுதியிருப்பீங்க. பட்டா மனு, பென்சன் மனு, குடிதண்ணி மனு. பன்னி மனு எழுதினதில்லையா? இன்னைக்கு எழுதுங்க. ரெண்டு பக்கத்துல முடிக்கணுமா? நான் அஞ்சு பக்கம் கேக்கறேன். அவ்வளவு படிக்க மாட்டாங்களா? சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், மூணரைக்கு முடிச்சுக்கலாம். எழுதுங்க.

என் பேரு பாவாயி. வீட்டுக்காரர் மாரப்பன், காலமாகி முப்பது வருசம் ஆச்சு. தொழிலு விவசாயம்னு போடுங்க. ஆனா நான் மண்ணுல பொறந்தவ இல்லைங்க. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் போட்டவ. இருபத்தாறு வயசுல தலையில கூடையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாசோட சரி, மிச்சத்தை வெயிலும் வீட்டுப் படிகளும் சொல்லிக் குடுத்தது. அப்பறம் மொபெட்டு, மொபெட்டுல ஸ்பீக்கரு. ஒரு பட்டுச் சேலையைக் கையில வாங்கினா, அது எந்த வருசத்துச் சேலை, எத்தனை கல்யாணம் பாத்தது, அந்தப் பொம்பளைக்கு இப்பப் பாத்திரம் எவ்வளவு அவசரம், அத்தனையும் விரல் நுனியில தெரியும். அவசரம் தெரிஞ்சுட்டா அண்டா கேக்கறவளை அன்னக்கூடையில திருப்பி அனுப்பிடுவேன். அழுவா. அடுத்த வருசம் என்னைத்தான் தேடுவா. அப்படிச் சேர்த்த காசுல மலையடிவாரத்துல ஒண்ணரை ஏக்கரா வாங்கினேன். குச்சிக்கிழங்கு போட்டிருக்கேன். மரவள்ளின்னு எழுதுங்க, கலெக்டரு எந்த ஊரோ என்னமோ. பத்து மாசப் பயிர். ஒன்பது மாசத்தை நெருங்கியாச்சு. இன்னும் நாப்பது நாள் தாட்டினா வெட்டிடலாம். அந்த நாப்பது நாளைத் தாட்டறதுக்குத்தான் இந்த மனு. இது கைவிட்டுப் போச்சுன்னா நான் மறுபடியும் கூடையைத் தூக்கணும். அம்பத்தாறு வயசு. முழங்கால் படியேற மாட்டேங்குது.

சரி, எதிராளிக்கு வர்றேன். பேரு அப்பறம் சொல்றேன். ஊர்ல மிலிட்டரின்னுதான் கூப்பிடறது. அஞ்சு வருசத்துக்கு முன்னால, எனக்கு மேல்பக்கம், மலையை ஒட்டின ரெண்டு ஏக்கராவை வாங்கிட்டு வந்தாரு. கூட வந்த வீட்டுக்கார அம்மா ருக்குமணி, தங்கமான பொம்பளை. வரப்புல நின்னு என்கிட்டப் பேசும். "ஏக்கா, உங்க வீட்டுக்காரர் ஓயாம எனக்குப் பாடம் எடுக்கறாரு"ன்னு சொன்னாக்கா, "அவரை நான் முப்பத்தஞ்சு வருசமாச் சமாளிக்கறேன், நீ அரை மணி நேரம் சமாளிக்க மாட்டியா?"ன்னு சிரிக்கும். பாவம், ரெண்டு வருசத்துக்கு முன்னால போய்ச் சேர்ந்துருச்சு. அதுக்கப்பறம் அந்த அரை மணி நேரம் ஒரு மணி நேரம் ஆச்சு. கேக்கறதுக்கு நான் ஒருத்திதானே?

என்ன பாடமா? எல்லாம் பிராணியும் நாடும். வரப்புல ஒரு பாறை இருக்குது. அதுமேல உக்காந்து கடலையைத் தோலுரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. "பாவாயி, ஒவ்வொரு ஜீவனும் ஒரு நாடு மாதிரி. ஆமையப் பாரு, சண்டைக்கே வராது, ஓட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கும். அந்த மாதிரி நாடு இருக்குது. முள்ளம்பன்னி சின்ன நாடு, ஆனா வாயை வெச்சவன் வாயெல்லாம் ரத்தம். பல்லி வாலைப் போட்டுட்டு உசிரைக் காப்பாத்திக்கும். பாதி ராச்சியத்தைக் குடுத்துட்டு மீதியில உக்காந்து முடி சூட்டிக்கிட்ட ராசா எத்தனை பேரு தெரியுமா? பச்சோந்தி பக்கத்துல யார் பெரியவனோ அவன் கலரு."

"அப்ப நான் எதுங்க?"ன்னு கேட்டேன்.

கடலையை வாயில போட்டுட்டு யோசிச்சாரு. "நீ ஆள்காட்டிக் குருவி. கூடு ஒரு பக்கம் இருக்கும். அது இன்னொரு பக்கம் போய் நின்னுக்கிட்டு ஊரே அதிர்ற மாதிரிக் கத்தும்."

ஏனுங்க, நானா கத்தறேன்? நீங்களே சொல்லுங்க. மெதுவாத்தானே பேசிட்டு இருக்கேன்? அந்த வரிசையில நிக்கற ஆளுங்க திரும்பிப் பாக்கறாங்கன்னா அவங்களுக்கு வேற வேலை இல்லை. "நீங்க எதுங்க?"ன்னு கேட்டா, "நான் ரிட்டயர்டு"ங்கறாரு. மூணு நாள் நான் பேசலை.

விசயத்துக்கு வர்றேன். இந்த வைகாசியில ஜேசிபியைக் கூட்டிட்டு வந்து மலைப் பக்கம், கிழக்கே, மேற்கே, மூணு பக்கமும் ஆளுயரத்துக்கு ட்ரெஞ்சு வெட்டினாரு. அகழி, அகழி. என் பக்கம் மட்டும் வெட்டலை. நட்பு நாடாம். அதுவரைக்கும் பன்னி நேரா அவர் தோட்டத்துல இறங்கும், வயிறு நெறைஞ்சா போயிடும். ட்ரெஞ்சு வந்ததும் அதுங்க என்ன பண்ணுச்சு? சுத்திக்கிட்டு ஓடை வழியா என் தோட்டத்துல இறங்குச்சு. ஒரே வாரத்துல நாலு வரிசைக் கிழங்கு காலி. முகத்தால உழுதுட்டுப் போகுதுங்க. டிராக்டர் தோத்துரும்.

போய்க் கேட்டேன். "இது தற்காப்பு நடவடிக்கை பாவாயி. நான் யார் மேலயும் படையெடுக்கலை"ன்னாரு.

"நீங்க எடுக்கலைங்க. நீங்க திருப்பிவிட்ட படைதான் என் கிழங்கைத் தின்னுட்டு இருக்குது."

"அதுக்கு நான் பொறுப்பில்லை. உன் எல்லையை நீ பலப்படுத்திக்கணும்."

பலப்படுத்தினேன். என்கிட்ட எதுக்குங்க பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால கொட்டகை நெறையப் பழைய சேலை. கலர் கலரா வேலி மாதிரிச் சேலையைக் கட்டிவிட்டா பன்னிக்கு உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாது, காத்துல படபடன்னா ஆளு நிக்கறாங்கன்னு நினைச்சுக்கும். எங்க பக்கத்துல எல்லாரும் செய்யறதுதான். ஆனா மத்தவங்க பத்து இருபது சேலை கட்டுவாங்க. நான் முன்னூத்திப் பன்னெண்டு கட்டினேன். சின்னாளப்பட்டி, சுங்குடி, வாயில், நைலக்ஸு, ஜரிகை போன காஞ்சிபுரம்கூட. தூரத்துல இருந்து பாத்தா நோம்பிச் சாட்டின ஊரு, திருவிழா ஊரு மாதிரி இருந்துச்சு. ரோட்டுல போன பொம்பளைங்க பஸ்ஸை நிறுத்தி இறங்கி, "ஐயோ இது எங்க சித்தி சேலை"ன்னாங்க. சித்தி சேலைதான். அதுக்குச் சித்தி வாங்கின வாளியில இன்னமும் நீ தண்ணி மோந்து குடிக்கறே, போடின்னேன்.

பன்னி வந்து நின்னு பாத்துட்டு, ஓடையைத் தாண்டி, மேற்குப் பக்கம் ட்ரெஞ்சு சரிஞ்ச இடத்துல ஏறி, மிலிட்டரி சோளத்துல இறங்கிருச்சு.

காலையில வந்தாரு பாருங்க. முகம் சிவந்து கிடக்குது. "பாவாயி, இது ஆக்கிரமிப்பு."

"இல்லைங்க, தற்காப்பு. உங்ககிட்டப் படிச்சதுதான்"னேன்.

இங்கதான் ராசப்பன் உள்ள வர்றான். எங்கூரு சலூன்காரன். தலைமுடியை வரப்போரமாத் தூவிவிட்டா பன்னி மோந்து பாக்கையில மூக்குல ஏறி, தும்மித் தும்மித் திரும்பிடும். அதனால மிலிட்டரி போய் ராசப்பன்கிட்ட ஒரு மூட்டை முடி வாங்கினாரு. அன்னைக்குச் சாயங்காலமே ராசப்பன் என் வீட்டு வாசல்ல நிக்கறான். "அக்கா, சொல்லக் கூடாது, இருந்தாலும் மனசு கேக்கலை. மேல்தோட்டத்துல ஒரு மூட்டை இறங்கியிருக்குது. உங்களுக்கு ரெண்டு எடுத்து வெக்கட்டுமா?" நான் ரெண்டு வாங்கினேன். அவன் நேரா மேல போய், "ஐயா, கீழ ரெண்டு இறங்கியிருக்குதுங்க"ன்னான். அவரு மூணு. அப்பறம் பாத்தா ராசப்பன் மூணு ஊரு சலூன்ல இருந்து முடி வரவழைக்கறான். கோயில்ல மொட்டை போடற எடத்துல டெண்டர் பேசப் போனானாம். கடைக்கு ஏசி போட்டுட்டான் ஐயா. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தன் ஏசி போட்டுட்டான். இந்தப் பெரிய நாடுங்களுக்கும் ஒவ்வொரு ராசப்பன் இருப்பானுங்களோ என்னமோ. இதை எழுத வேண்டாம். சும்மா சொல்றேன்.

பத்து நாளைக்குப் பன்னி தும்முச்சு. அப்பறம் பழகிருச்சு.

நான் விட்டுடுவேனா? மொபெட்டு ஸ்பீக்கரைக் கழட்டிக் கொண்டுபோய்த் தோட்டத்து நடுவுல பந்தல் காலுல கட்டினேன். மனுசக் குரல் கேட்டாப் பன்னி வராதில்லையா? அதுல என் குரல்தான் பதிஞ்சிருக்குது. பொழுது சாய்ஞ்சதும் ஆரம்பிச்சுடும். "பழைய பட்டுச் சேலை, பழைய பேண்ட்டு, சட்டை, கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லைங்க! எவர்சில்வர் பாத்திரம் வாங்கிக்குங்க! அம்மா வாங்க, அக்கா வாங்க!" நிக்காம ஓடும்.

மறுநாளே மேல இருந்து பதில் வந்துருச்சு. பஞ்சாயத்து டேங்க் மேல கட்டற மாதிரி பெரிய குழாய். "சாவ்தான்! விஷ்ராம்! சாவ்தான்! தேஜ் சல்!"னு பட்டாளத்துப் பரேடு உத்தரவை அவரே கத்திப் பதிஞ்சது. இந்தப் பக்கம் அக்கா வாங்கங்குது, அந்தப் பக்கம் தேஜ் சலுங்குது. மலையில பட்டு எதிரொலி வேற. ஊர்ல ஒருத்தருக்கும் தூக்கம் இல்லை. தண்ணி பிடிக்கப் போனாப் பொண்ணுங்க கேக்குதுங்க, "அத்தை, பன்னியெல்லாம் மேல பரேடு முடிச்சுட்டு, கீழ வந்து பாத்திரம் வாங்கிட்டுப் போகுதாமா?" பன்னிக்கு என்னங்க, ஒரு வாரத்துல அதுவும் பழகிருச்சு. ஸ்பீக்கருக்கு அடியிலயே தோண்டித் தின்னுட்டுப் போயிருந்துச்சு ஒரு நாள். குட்டி போட்டுக் கூட்டமாக் கொழுத்துக்கிட்டதுதான் மிச்சம்.

கரண்டு வேலி போட்டிருக்கலாமேன்னு யாராச்சும் சொல்லுவாங்க. அது ஆளையே கொல்லும். ஜெயிலு. அந்த ஒரு விசயத்துல அவரும் வேண்டாம்னாரு, நானும் வேண்டாம்னேன். அந்த ஒண்ணுல மட்டும் கட்சி ஒண்ணு.

புரட்டாசிக் கடைசியில வெள்ளைத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பாறைக்கு வந்தாரு. "பாவாயி, நாம ரெண்டு பேரும் தோத்துட்டோம். ஜெயிச்சது பன்னி. ஒப்பந்தம் போடலாம்"னாரு.

நல்ல ரோசனைதான், இல்லைங்கலை. ரெண்டு தோட்டத்தையும் ஒண்ணாச் சுத்தி ஒரே வேலி. குச்சி அவருது, சேலை என்னுது. ட்ரெஞ்சு சரிஞ்ச எடத்தை அவரு சரி பண்ணணும். மலைப் பக்கம் காவலு அவரு, ஓடைப் பக்கம் நானு. ஏன்னா சேலையும் முடியும் ஸ்பீக்கரும் எல்லாம் நாலு நாளைக்குத்தானுங்க. பின்னால ஆளு நிக்கணும். ஆளு நின்னாத்தான் பன்னி மதிக்கும். அவரு டார்ச்சும் விசிலுமா நிப்பாரு. நான் தகர டின்னைத் தட்டிக்கிட்டு நிப்பேன்.

அதோட விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா கையில வந்த பேரத்தைக் கடைசி முழம் வரைக்கும் இழுக்காம விட்டா எனக்குச் சோறு இறங்காது. அது தொழில் புத்தி. "நமக்கு நடுவுலயும் ஒரு வேலி கட்டணுங்க"ன்னேன்.

"நமக்கு நடுவுல எதுக்கு? பன்னி உள்ளயே வராதே?"

"பன்னி வராதுங்க. நீங்க இருக்கீங்களே."

சிரிச்சாரு. நான் சிரிக்கலை. அஞ்சு வருசமாப் பக்கத்துத் தோட்டம், ஒரு முழம் வரப்பை யார் தின்னாங்கன்னு எனக்குத் தெரியாதா? சரி கட்டிக்கோன்னுட்டாரு. குச்சியும் அவரே குடுத்தாரு. ஒரு வார்த்தை பேரம் பேசலை. அப்பவே எனக்குச் சந்தேகம், இந்த ஆளு ஏன் இப்படி விட்டுக் குடுக்கறாருன்னு. வெளிவேலிக்கே முன்னூறு சேலையும் போயிருச்சு. அதனால நடுவேலிக்குக் கொட்டகையில அடியில கிடந்த பழைய மூட்டையைப் பிரிச்சேன். கைக்கு வந்ததைக் கட்டினேன். பாத்துப் பாத்தா கட்டுவாங்க?

பத்து நாள். ஐயா, பத்து நாள் ஒரு கிழங்கு போகலை, ஒரு கதிரு போகலை. சாயங்காலமானா அவரு அந்தப் பக்கம் விசில் அடிப்பாரு, நான் இந்தப் பக்கம் டின்னைத் தட்டுவேன். நான் தட்டறது கொஞ்சம் லேட்டானா, "பாவாயி, இருக்கியா?"ன்னு கத்துவாரு. "இருக்கேன், சாகலை"ன்னு நான் கத்துவேன். அதுதான் ஒப்பந்தம்.

பதினோராம் நாள் காலையில தூக்குப்போசியோட வந்தாரு. தினமும் சோறு அதுலதான் கொண்டு வருவாரு. வந்தவரு நடுவேலிகிட்ட நின்னுட்டாரு. நான் களை பிடுங்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரமா நிக்கறாரேன்னு எந்திரிச்சுப் பாத்தேன். பச்சைச் சுங்குடி ஒண்ணு, அரக்குக் கரை, முந்தியோரம் சின்னதா ஒட்டுப் போட்டது. அதோட முந்தியைக் கையில பிடிச்சுட்டு நிக்கறாரு.

"இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

"எப்படின்னா? உங்க வீட்டுக்கார அம்மாதாங்க போட்டாங்க. அந்தக் கையில இருக்கற போசிக்கு."

அவரு போசியைப் பாத்தாரு. சேலையைப் பாத்தாரு. எனக்குத் தெரியலைங்க ஐயா, அவருக்கு அது தெரியாதுன்னு. பொம்பளைங்க எத்தனையோ சேலையைப் புருசன்கிட்டச் சொல்லாமப் போடுவாங்க. நான் சொல்லுவேனா? தொழிலுக்கு நேர்மை வேண்டாமா? ருக்குமணியக்கா அன்னைக்கு, "இவருக்கு டிபன் பாக்ஸுல சோறு ஆறிப்போகுதுன்னு குறை, ஒரு நல்ல போசி குடு பாவாயி"ன்னுதான் கேட்டுச்சு. கனமான போசிதான் குடுத்தேன். அந்தச் சேலைக்கு அது அதிகம்.

"குடுத்துடு"ன்னாரு.

"எதைங்க?"

"இந்தச் சேலையை."

நீங்களே சொல்லுங்க. ஒருத்தரு ஒரு பொருளை அவ்வளவு ஆசையாக் கேட்டா அந்தப் பொருளுக்கு என்ன மதிப்புன்னு வியாபாரிக்குத் தெரிஞ்சுடுது. வாயில வந்துருச்சு. "தர்றேனுங்க. ஓடைப் பக்கம் கீழ்மூலை வரைக்கும் உங்க ட்ரெஞ்சை இழுத்து வெட்டிக் குடுத்துடுங்க. நாளைக்கே கழட்டித் தர்றேன்."

அவரு முந்தியை விடலை. மெதுவாச் சொன்னாரு. மெதுவான்னா, எனக்கே காது குடுத்துக் கேக்க வேண்டியிருந்துச்சு. "எல்லையில சண்டை நடக்கும்போதுகூட, செத்தவங்களைத் திருப்பிக் குடுக்கற நேரம்னு ஒண்ணு இருக்குது, பாவாயி. வெள்ளைக் கொடியைப் பிடிச்சுட்டு வருவான். எங்களைச் சுட்டவன்தான் வருவான். அவன்கூட அதுக்குப் பேரம் பேசினதில்லை."

"அது பொணமுங்க. இது சேலை"ன்னேன்.

கரெக்டாத்தானே சொன்னேன்? பேச்சுன்னா பதில் பேச்சு வரும். அதானே வழக்கம்? அவரு "ட்ரெஞ்சு முடியாது, பாதி தூரம் வெட்டித் தர்றேன்"னு சொல்லணும். நான் "முக்கால்"ம்பேன். அவரு கோவிச்சுக்கிட்டுப் பத்தடி போகணும். நான் கூப்பிடுவேன். அப்பறம் சும்மாவே கழட்டிக் குடுத்திருப்பேன். நெசமாலுமே குடுத்திருப்பேன். பேரம்னா அதுதானுங்க. நான் சொன்னது முதல் வெல. முதல் வெலையைக் கேட்டுட்டு எழுந்து போறவனை என்ன பண்ண முடியும்?

போயிட்டாரு. சேலையை விட்டுட்டு, முந்தியை நீவி விட்டுட்டு, போயிட்டாரு. போசியைப் பாறை மேலயே மறந்துட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் விசில் இல்லை. நான் டின்னைத் தட்டினேன், தட்டினேன். ரொம்பத்தான் தட்டினேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் விடிஞ்சதும் சேலையைக் கழட்டி, துவைச்சு, காயப் போட்டு, மடிச்சு எடுத்துட்டு அவரு வீட்டுக்குப் போனேன். ட்ரெஞ்சு கேக்கறதுக்கு இல்லை. சும்மா குடுக்கத்தான். பூட்டு. பக்கத்து வீட்டுல கேட்டா, ஓசூர்ல மக வீட்டுக்குப் போயிட்டாராம். போனு போட்டா எடுக்கறதில்லை. பதினெட்டு தடவை போட்டேன். பத்தொம்பதாவது தடவை மக எடுத்து, "அப்பா தூங்கறாங்க, அத்தை"ன்னுச்சு. பகல் பதினொரு மணிக்கு எந்த மிலிட்டரிக்காரன் தூங்குவான்? அதுக்கு மேல ராசப்பன் வந்து சொல்றான், நிலத்தை விக்கப் போறாராம், கோயமுத்தூர்ப் பார்ட்டி வந்து பாத்துட்டுப் போனாங்களாம், வாங்கிச் சும்மா போட்டு வெப்பாங்களாம். சும்மா போட்டு வெச்சா அங்க என்ன வளரும்? பன்னிதான் வளரும்.

இருபது நாள் ஆச்சு. அவரு சோளம் தரையோட தரையா. அங்கிருந்து நடுவேலி வழியா என் பக்கம் வருதுங்க. எங்க வழியா வருதுங்கறீங்களா? அந்தச் சேலை இருந்த எடம். ஒரு ஆள் அகலம். நடுவுல ஒரு பல்லு விழுந்த மாதிரி. அது வழியாத்தான் உள்ள வருது, வெளிய போகுது. கிழங்குல பாதி போச்சு. வேற சேலை ஒண்ணு எடுத்து அங்க கட்ட வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. ஏன், கட்டலாம். சேலைக்கா பஞ்சம்? கட்டலைன்னா கட்டலை. நீங்க எழுதற வேலையைப் பாருங்க. எல்லாத்தையும் மனுவுல கேட்டா எப்படி?

ஒருத்தியா நின்னு நானும் பாத்தேன். ஓடைப் பக்கம் தட்டினா மலைப் பக்கம் இறங்குது. மலைப் பக்கம் ஓடினா ஓடைப் பக்கம். மழை வேற. முந்தாநாள் வழுக்கி விழுந்து கையைப் பாருங்க. "பாவாயி, இருக்கியா?"ன்னு கேக்கறதுக்கு ஒரு நாதி இல்லை. விழுந்து கிடந்தாப் பன்னிதான் வந்து விசாரிக்கணும். அதான் இன்னைக்கு முதல் பஸ்ஸைப் பிடிச்சு இங்க வந்துட்டேன்.

என்னங்க, பேனாவை வெச்சுட்டீங்க? என்னது? எதிராளி என்ன குத்தம் செஞ்சாருன்னு சட்டப்படி எழுதணுமா? எழுதுங்க, காவலை விட்டுப் போனது. பட்டாளத்துல காவலை விட்டுப் போனா என்ன தண்டனைன்னு அவரே எனக்குச் சொல்லியிருக்காரு. தோட்டத்துக்குச் சட்டம் இல்லையா? பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லையா? அட, அப்படின்னா சட்டத்தை எழுதினவன் பக்கத்துத் தோட்டம் இல்லாதவன். அவன் பேர்லயும் ஒரு வரி சேர்த்துக்குங்க.

பேரா? எதிர்மனுதாரர் பேரு இல்லாம மனு செல்லாதா? அது வேண்டாமுங்க. பேரு எழுதினா நம்பர் போடுவாங்க, நம்பர் போட்டா போலீசு ஓசூருக்குப் போகும், மக வீட்டுக் கதவைத் தட்டும். அந்தப் புள்ளைக்கு மாமியார் வீடு. நாலு பேரு பாப்பாங்க. வேண்டாம். ‘மேல்தோட்டத்துக்காரர்’னு மட்டும் போடுங்க. அவருக்குத் தெரியும். கலெக்டருக்குத் தெரிய வேண்டியதில்லைங்க, அவருக்குத் தெரிஞ்சாப் போதும். இதைக் கலெக்டருக்குக் குடுக்காம ஓசூருக்கே தபால்ல போட முடியுமா? சீல் மட்டும் இங்க வெச்சு? சர்க்கார் சீல் பாத்தா மிலிட்டரிக்காரர் பிரிச்சுப் படிச்சுத்தான் ஆகணும். அந்த ஆளுக்கு சீல்னா ஒரு மரியாதை.

கோரிக்கைக்கு வந்துட்டீங்களா? இதை மட்டும் தெளிவா எழுதுங்க. அவரு உடனே ஊருக்கு வரணும். நிலத்தை விக்கக் கூடாது. மிச்சமிருக்கற சோளத்தட்டையை அறுத்து, தோட்டத்தைச் சுத்தம் பண்ணி, மலைப் பக்கம் அவரு காவலை அவரே நிக்கணும். நடுவேலியை நானே பிரிச்சுடறேன். நடுவேலின்னு ஒண்ணு இல்லை, எழுதுங்க, இனிமே இல்லை. இதுக்குப் பதிலுக்கு நான் என்ன கேக்கறேன்னா? ட்ரெஞ்சா? வேண்டாம். குச்சியா? வேண்டாம். ஒண்ணும் கேக்கலைங்க. ‘பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை’, அழுத்தி எழுதுங்க, அடியில கோடு போடுங்க. ரெண்டு கோடு போடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு.

மன்னிப்பா? நான் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்? என்ன மனுசன் நீங்க, யார் பக்கம் நீங்க? விட்டுட்டுப் போனது அவரு, போனை எடுக்காதது அவரு, முதல் வெலையிலயே எழுந்து போனது அவரு. தப்பு மொத்தமும் அவருது. அதனால அவரே வரட்டும். கடுதாசி வேண்டாம், மகளை விட்டுப் பேசறது வேண்டாம், ராசப்பன்கிட்டச் சொல்லி அனுப்பறது வேண்டவே வேண்டாம். நேர்ல வந்து, வரப்புல நின்னு, பண்ணின தப்பை அவரு கையாலயே சரி பண்ணணும். இன்னும் நாப்பது நாள்தான் இருக்குது. கிழங்குக்குச் சொல்றேன். வரச் சொல்லுங்க ஐயா. வந்து சரி பண்ணச் சொல்லுங்க.